ஷட்டரில் வந்திறங்கிய பறவைகள்

இந்தப் பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் கடை திறப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், வடக்குப் பக்கம், ஹாமில்டன் ஹைட்ஸ், வாஷிங்டன் ஹைட்ஸ் என்று இரண்டு மேட்டுப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே முடிதிருத்தும் கடை, மருந்துக் கடை, சலவை நிலையம், தெருமுனை மளிகை என்று அன்றாடக் கடைகளின் இரும்பு ஷட்டர்களில் பறவைகளைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பறவை சுருண்டு மேலே போய்விடும். இரவு கடையடைத்ததும் திரும்ப வரும். ஞாயிறு அதிகாலைதான் பார்க்கத் தோதான நேரம்.

மே மாதத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை 1-ம் எண் சுரங்க ரயிலில் வடக்கே போனேன். 125-வது தெருவில் ரயில் தரைக்கு மேலே எழும்பி, உயரமான இரும்புப் பாலத்தில் சிறிது தூரம் ஓடி, மறுபடி மண்ணுக்குள் புகுகிறது. 145-வது தெருவில் இறங்கிப் படியேறினால் பிராட்வே. நாடக அரங்குகளுக்கும் விளம்பர விளக்குகளுக்கும் பேர்போன அதே சாலைதான். ஆனால் இங்கே கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் ஸ்பானிய மொழி. சாலை நடுவே மரங்களும் பெஞ்சுகளும். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் வட்டாரம் இது. கறுப்பின மக்களின் ஹார்லெமும் இதை ஒட்டியே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் இந்தப் பகுதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இந்தப் பணியின் பெயர் ஆடுபான் சுவரோவியத் திட்டம். 2014-ல் ஆவி கிட்லர் என்பவர் 150-வது தெருவை ஒட்டி, பிராட்வேயில் ஒரு சிறிய ஓவியக் கூடம் திறந்தார். அக்கம்பக்கத்துக் கடைகளின் ஷட்டர்கள் வெறுமையாகவும் கிறுக்கலாகவும் கிடந்தன. பாய் காங் என்ற ஓவியரை அழைத்து ஒன்றில் வரையச் சொன்னார். அவர் வரைந்தது ஒரு பூநாரை. பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த பகுதி இது என்பதால் பறவை பொருத்தமாகத் தோன்றியிருக்கிறது. அதே வட்டாரத்தில் குடியிருந்த மார்க் ஜானட், பறவைப் பாதுகாப்பு அமைப்பான தேசிய ஆடுபான் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். அந்த ஆண்டுதான் அந்தச் சங்கம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. வெப்பநிலை உயர்ந்துகொண்டே போனால் வட அமெரிக்காவின் 314 பறவை இனங்கள் இந்த நூற்றாண்டிலேயே தமக்கு ஏற்ற வாழிடத்தில் பாதிக்கு மேல் இழக்கும் என்றது அது. அந்த 314-ஐயும் இந்தத் தெருக்களில் வரைந்துவிடலாம் என்று இருவரும் இறங்கினார்கள். 2019-ல் மறு ஆய்வு வந்தபோது எண்ணிக்கை 389 ஆனது. ஆராய்ந்த 604 இனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வரைய வேண்டிய பட்டியல் வரைகிற கைகளைவிட வேகமாக வளர்கிறது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் வந்துவிட்டன.

ஷட்டரில் வரைவது சுவரில் வரைவதைவிடக் கடினம் என்பது கிட்டப் போய் நின்றால் புரிகிறது. ஷட்டர் முழுவதும் கிடைமட்டப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மேடும் ஒரு பள்ளமும். கண்ணின் வளையம், அலகின் நுனி போன்ற மெல்லிய கோடுகள் பள்ளத்தில் விழுந்து உடைந்துபோகும். அதனால் இந்த ஓவியர்கள் இறகு இறகாக வரைவதில்லை. நிறத்தைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, பறவை நிற்கும் தோரணையைப் பிடிக்கிறார்கள். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தால் கோடுகள் கூடி உயிர் வந்துவிடுகிறது. இது கூர்ந்து பார்த்த கண்ணுக்கு மட்டுமே கைகூடும் வேலை. பறவை நோக்குகிறவர்களும் தொலைவில் போகும் பறவையை இறகு எண்ணி அடையாளம் காண்பதில்லை; அதன் இருப்பையும் அசைவையும் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஷட்டர்களோடு பெரிய சுவர்களும் உண்டு. 155-வது தெருவில், லூனார் நியூ இயர் என்ற பெயரில் வரையும் ஓவியர் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க, பிளந்த நீள வாலுள்ள ஒரு பருந்தைத் தீட்டியிருக்கிறார். அதன் உடலுக்குள்ளேயே வேறு பல பறவைகள் இருக்கின்றன. பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையசைத்தார். இத்தாலியரான இயேனா குரூஸ் வரைந்த மூவண்ண நாரை இன்னொன்று. காற்றிலுள்ள மாசை ஓரளவு சிதைக்கும் தன்மையுள்ள ஒருவகைச் சாயத்தால் அதைத் தீட்டினார். ஒரு சுவரால் காற்று சுத்தமாகிவிடாது. ஆனாலும் புகையால் நலிவுறும் பறவையைப் புகையைச் சிதைக்கும் சாயத்தால் வரைய வேண்டும் என்ற அந்த ஓவியரின் முனைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. வரையப்பட்ட பறவைகளில் கணிசமானவை இந்த ஊர்க்காரரின் கண்ணில் ஒருநாளும் படாதவை. முதன்முதலாக வந்த பூநாரைக்கும் நியூயார்க்குக்கும் தொடர்பில்லை. பின்யோன் ஜே என்ற நீலப்பறவை மேற்கு அமெரிக்க மலைகளில் பைன் கொட்டைகளைத் தின்று வாழ்வது. பிராட்வேக்கும் அதற்கும் இடையே ஒரு கண்டமே கிடக்கிறது. பட்டியல் முழு வட அமெரிக்காவுக்கானது என்பதால் இது தவிர்க்க முடியாதது என்பார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளை தினமும் கடந்து போகும் ஷட்டரில், அந்தப் பிள்ளையின் ஜன்னலுக்கு வெளியே வரும் பறவை இருந்தால் அதன் பயன் வேறு. படத்தைப் பார்த்த கண் மரத்தையும் பார்க்கும்.

அதனால்தான் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் கையா என்ற ஓவியர் 2016-ல் வரைந்த பெரிய சுவர் எனக்கு எல்லாவற்றிலும் மேலானதாகத் தோன்றியது. ஹார்லெமின் பெயரையே தாங்கிய ஓவியம் அது. அதில் இருக்கும் பறவைகள் இந்த நகரத்தின் வானத்தில் உண்மையாகவே பறப்பவை: செஞ்சிவப்பு டானேஜர், மரத் தகைவிலான், கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் ஒரு வார்ப்ளர், இன்னும் சில. வார்ப்ளர் என்பவை கைக்குள் அடங்கும் சிறு பறவைகள். பெரும்பாலானவை பத்துப் பதினைந்து கிராம்கூடத் தேறாதவை. நியூயார்க் அட்லாண்டிக் கரையோர வலசைப் பாதையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுவதும் இவை இரவு இரவாகத் தெற்கிலிருந்து வந்து, விடியும்போது நகரத்தின் மரங்களில் இறங்கும்.

தெற்கு என்றால் எங்கே? அந்தக் கறுப்பு வெள்ளை வார்ப்ளரின் குளிர்கால வாழிடங்களில் ஒன்று ஹிஸ்பானியோலா தீவு. அதன் கிழக்குப் பகுதிதான் டொமினிக்கன் குடியரசு. பிக்னெல் த்ரஷ் என்ற பழுப்பு நிறப் பாடும் பறவையின் கதை இன்னும் நெருக்கமானது. நியூயார்க் மாநிலத்து மலையுச்சிகளிலும் அதற்கு வடக்கேயும்தான் அது கூடு கட்டும். 1881-ல் யூஜின் பிக்னெல் அதை முதலில் அடையாளம் கண்டது இந்த நகரத்திலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள கேட்ஸ்கில் மலைகளில். குளிர்காலத்தில் அதன் கூட்டத்தில் பெரும்பகுதி போய்ச் சேருவது டொமினிக்கன் குடியரசின் மலைக்காடுகளுக்கு. இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களின் அத்தையும் தாத்தாவும் இருக்கிற நாட்டுக்கும் இந்தத் தெருவுக்கும் இடையே ஆண்டுக்கு இரண்டு முறை போய்வருகிற பறவைகள் இவை.

ஷட்டரைத் தூக்கத் தயாராக நின்ற ஒரு மளிகைக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். இவ்வகைக் கடைகளை இங்கே போடேகா என்பார்கள். ரொட்டி, காப்பி, பால், லாட்டரிச் சீட்டு எல்லாம் ஒரே அறையில் கிடைக்கும். அறுபது வயதிருக்கும் அவருக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் ஊர்ப் பக்கத்தில் பனைமரங்களில் கூட்டுக் குடித்தனமாகக் கூடு கட்டும் சிகுவா பால்மேரா என்ற பறவையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது டொமினிக்கன் குடியரசின் தேசியப் பறவை. ஒரே பெரிய கூடு, உள்ளே பல குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் என்று கையை விரித்துக் காட்டினார். அது இந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் அந்த அறிக்கையின் கணக்கில் அது வட அமெரிக்கப் பறவையல்ல. வந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு வட்டாரத்தின் இயற்கைப் பதிவு என்றால் அங்கே வாழ்கிறவர்களின் நினைவில் கூடு கட்டியிருக்கும் பறவைக்கும் அதில் ஒரு ஷட்டர் ஒதுக்க வேண்டும்.

ஆடுபானின் கல்லறை அருகிலேயே, 155-வது தெருவில் டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 1893-ல் எழுப்பிய உயரமான கற்சிலுவை. அதன் உடல் முழுக்கப் பறவைகளும் விலங்குகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கப் பறவைகள் என்ற அவருடைய நூல் 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மொத்தம் 435 படங்கள். எல்லாப் பறவையும் அதனதன் உயிர் அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு மீட்டர் உயரத் தாளிலும் பூநாரை அடங்கவில்லை. அதன் கழுத்தைத் தரை நோக்கி வளைத்து வரைந்துதான் தாளுக்குள் கொண்டுவந்தார். வரைவதற்காகப் பறவைகளைச் சுட்டார். கம்பி செருகி உயிருள்ளதுபோல நிறுத்தி வைத்தார். 1813-ல் கென்டக்கியில் பயணப்புறாக் கூட்டம் சூரியனை மறைத்துக்கொண்டு மூன்று நாள் விடாமல் பறந்ததாக எழுதினார். அந்தப் புறாவில் கடைசி ஒன்று 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. அவர் வரைந்த கரோலினா கிளியின் கடைசி உயிரும் அதே பூங்காவில் 1918-ல் போயிற்று. இன்று அந்தப் பறவைகளின் நிறத்தைத் தேடுகிறவர்கள் அவருடைய தாள்களிடமும் போகிறார்கள்.

அவர் அடிமைகளை வாங்கினார், விற்றார். அடிமை முறையை ஒழிப்பதை எதிர்த்தார். 1785-ல் அவர் பிறந்தது இன்றைய ஹைட்டியில். அதாவது ஹிஸ்பானியோலாவின் மேற்குப் பகுதியில், அடிமைகளின் உழைப்பில் கரும்புத் தோட்டம் நடத்திய ஒரு பிரெஞ்சுக்காரரின் மகனாக. இப்போது அவர் கல்லறையைச் சூழ வாழ்கிறவர்களில் பலர் அதே தீவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள். இதை அறிந்தபிறகு அந்தச் சிலுவையின் முன் நிற்பது எளிதாக இல்லை. தேசிய ஆடுபான் சங்கம் 2023-ல் இதே பெயரைத் தொடர்வதென்று முடிவு செய்தது. நகரத்துக் கிளை அதை ஏற்காமல், 2024-ல் நியூயார்க் நகரப் பறவைக் கூட்டணி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கிளை செய்தது சரி என்றே நினைக்கிறேன். பறவைகளுக்கு அவர் பெயர் தேவையில்லை. அவருடைய படங்கள் எப்படியும் நிற்கும்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று காலை பெரிய மரங்களின் உச்சியில் அசைவு இருந்தது. ரெட்ஸ்டார்ட் ஒன்று, கரிய உடலில் செம்மஞ்சள் திட்டுகளோடு, வாலை விசிறிபோல் விரித்து மடக்கிப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் கரீபியத் தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருவதுதான்.

பறவைகளைப் பட்டியலிடும் வழக்கம் இந்த நகரத்துத் தெருக்களுக்குப் புதிதல்ல. 1886-ல் பிராங்க் சாப்மன் என்ற இளைஞர் மன்ஹாட்டன் கடைவீதியில் நடந்து, பெண்களின் தொப்பிகளில் செருகியிருந்த பறவைகளைக் கணக்கெடுத்தார். 700 தொப்பிகளைப் பார்த்ததில் 542-ல் இறகோ முழுப் பறவையோ இருந்தது. 40 இனங்களை அவரால் அடையாளம் காண முடிந்தது. மரங்கொத்தி, பொன்மாங்குயில் வகை, ஆந்தை எல்லாம் தொப்பியில். அதே 1886-ல் ஜார்ஜ் பேர்ட் கிரினெல் முதல் ஆடுபான் சங்கத்தைத் தொடங்கினார். சிறுவனாக அவர் வளர்ந்தது இந்த 155-வது தெருப் பக்கத்தில்தான். ஆடுபானின் மனைவி லூசி, கணவர் இறந்தபின் வறுமையில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அவர்களில் ஒருவர் கிரினெல். நாட்டின் பறவைப் பாதுகாப்பு இயக்கத்தின் ஒரு முளை, லூசி பாடம் நடத்திய அறையில் விட்டது என்று துணிந்து சொல்லலாம். ஓவியரின் புகழை எழுதியவர்கள் இந்த ஆசிரியைக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

தொப்பிக்காகக் கொல்வது நின்றுவிட்டது. இன்று நகரத்தில் பறவைகளைக் கொல்வது கண்ணாடி. இரவு வெளிச்சத்தால் திசை தடுமாறி இறங்கும் பறவை, விடிந்ததும் கண்ணாடிச் சுவரில் தெரியும் மரத்தை உண்மை மரமென்று எண்ணி மோதுகிறது. நியூயார்க்கில் மட்டும் ஆண்டுக்கு 90,000 முதல் 2,30,000 பறவைகள் இப்படிச் சாகின்றன என்பது மேலே சொன்ன கிளை அமைப்பின் மதிப்பீடு. 1997 முதல் தன்னார்வலர்கள் காலையில் நடந்து, நடைபாதையில் கிடக்கும் உடல்களைச் சேகரித்து, இனம் குறித்து, கணக்கு வைத்ததால் கிடைத்த எண் அது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் புதிய கட்டடங்களில் பறவைகளின் கண்ணுக்குப் புலப்படும் கண்ணாடி வேண்டும் என்ற நகரச் சட்டத்தை வாங்கினார்கள். 2021-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சுவரோவியம் மக்களின் மனத்தைத் திருப்பும். சட்டத்தைத் திருப்புவது குனிந்து பொறுக்கியவர்களின் நோட்டுப் புத்தகம். இரண்டும் சேர்ந்திருப்பதுதான் இந்த நகரத்தின் பலம்.

ஷட்டர் பறவைகளுக்கும் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 2009-ல் நகர மன்றம் கடைகளின் ஷட்டர்களைப் பற்றி விதி வகுத்தது. 2011 ஜூலை முதல் பொருத்தப்படுபவை குறைந்தது 70 விழுக்காடு உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும். பழைய ஷட்டர்களை மாற்ற 2026 ஜூலை வரை தவணை தந்தது. கிறுக்கல்களைத் தடுப்பதும், தீயணைப்போரும் காவலரும் உள்ளே பார்க்க வழி செய்வதும் நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் கம்பி வலை போன்ற ஷட்டரில் பறவை வரைய முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, கடை கைமாறினாலே புதியவர் வேறு நிறம் பூசிவிடுகிறார். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் தேடிப் போன சில இடங்களில் பறவை இல்லை; சாம்பல் நிற இரும்புதான் இருந்தது. ஒரு பெண்மணி அங்கே முன்பு என்ன இருந்தது என்பதை நிறம் சொல்லி, அளவு காட்டி விளக்கினார். பெயர் தெரியவில்லை அவருக்கு. ஆனால் அந்தப் பறவை போனது அவருக்குத் தெரிந்திருந்தது.

அழியும் உயிர்களை அழியும் பரப்பில் வரைந்திருக்கிறார்கள் என்று சிலர் இதை அழகாகச் சொல்லக்கூடும். எனக்கு அந்த அழகில் உடன்பாடில்லை. இந்த ஓவியங்கள் நினைவுச் சின்னங்களாக வரையப்பட்டவை அல்ல. அந்த 389 இனங்களும் இன்னும் உயிரோடு இருப்பவை. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தினால் அவற்றில் முக்கால் பங்குக்கு நெருக்கடி குறையும் என்று அந்த 2019 அறிக்கை சொல்கிறது. ஆகவே இவை அறிவிப்புப் பலகைகள். அறிவிப்பைக் கழற்றினால் புதிதாக ஒன்று மாட்டவேண்டும். ஷட்டரை மாற்றுகிற நகரம் அந்த வட்டாரத்திலேயே சுவர்களை ஒதுக்கித் தரவேண்டும். அடுத்த சுற்றில் வரைவதற்கு உள்ளூர்ப் பள்ளிகளின் டொமினிக்கன், கறுப்பினப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நியூயார்க் போகிறவர்கள் மே முதல் இரண்டு வாரங்களில் போங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு 145-வது தெருவில் இறங்கி, பிராட்வே வழியே 165 வரை நடந்து, ஆம்ஸ்டர்டாம் அவென்யூ வழியே திரும்புங்கள். இருகண்நோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கல்லறைத் தோட்டத்து மரங்களுக்குத் தேவைப்படும். போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடைத்தெருவிலும் இரவானால் ஷட்டர்கள் இறங்குகின்றன. சிமென்ட் விளம்பரம் இல்லாதவை வெறுமையாகவே இருக்கின்றன. கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஏரியில், உங்கள் கோயில் குளத்தில், உங்கள் தெருவின் புங்கமரத்தில் வருகிற பறவைகளை மட்டும் முதலில் பட்டியலிடுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவற்றை அழைக்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளிடம் தூரிகையைக் கொடுத்து, படத்துக்குக் கீழே அந்தப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.